போன் இருக்கே, வாட்ச் எதுக்கு? காத்திவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு

"பையில போன் இருக்கு, போன்ல மணி இருக்கு. அப்புறம் கையில ஒரு வாட்ச் எதுக்கு?" இந்தக் கேள்வியை இப்போ யாரும் சண்டை போடுவதற்காகக் கேட்பதில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார்கள். பதிலும் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, "அது ஒரு ஸ்டைல்". இன்னொன்று, "பழக்கம், விட முடியல". இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது.

இந்தக் கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். அதனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். இடம் காத்திவாக்கம். ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வழியாக அத்திப்பட்டு வரைக்கும் நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையின் வடபகுதி. 2011 வரைக்கும் தனி நகராட்சி, அப்புறம் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் ரயில் தண்டவாளம். சுற்றிலும் லாரி, மோட்டார், உரம், அனல்மின், கன்டெய்னர். ஷிஃப்ட்டில் ஓடும் ஊர் இது. "இப்போ மணி என்ன" என்பது இங்கே சம்பளத்தோடு ஒட்டிய கேள்வி. வாட்ச் தேவையா இல்லையா என்று சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மணி எங்கிருந்து வந்தது

முதலில் கொஞ்சம் பழைய கதை. "கடிகாரம்" என்ற சொல்லிலேயே கடிகை இருக்கு. கடிகை, நாழிகை இரண்டும் ஒன்றுதான், 24 நிமிஷம். ஒரு நாளைக்கு 60 நாழிகை. நாழிகை வட்டிலில் தண்ணீரை வைத்து அளந்தார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. விடிவெள்ளியும், காற்றும், முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் போதும். அந்த ஏற்ற வற்றம் நிலாவைப் பின்பற்றுவதால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அதாவது எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிப்பவரின் நாளும் ஆலையின் நாளும் என்றைக்குமே ஒன்றாக இருந்ததில்லை.

மணிக்கணக்கில் துல்லியமான நேரம் இந்த ஊருக்கு வந்தது கப்பலுக்காகவும் ரயிலுக்காகவும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் அமைந்தது. அங்கே வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் மதராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால் இருப்பது "மதராஸ் நேரம்" என்று வரையறுத்தார். அந்த நேரத்தை ஊருக்குச் சொல்ல ராத்திரி 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். கடிகாரம் வைத்திருந்தவர்கள் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். வைத்திராதவர்களுக்கு அந்தச் சத்தமே கடிகாரம்.

1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. ரயில் வந்தபிறகு ஊருக்கு ஒரு நேரம் என்பது சரிப்படாது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்த காலத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட மதராஸ் நேரத்தைத்தான் ரயில்வேக்கள் பொது நேரமாக எடுத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் (கிரீன்விச் + 5.30) வந்ததும் மதராஸ் கடிகாரங்கள் 8 நிமிஷம் 46 விநாடி முன்னே தள்ளப்பட்டன. சூரியன் தள்ளப்படவில்லை. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிஷம். இந்திய நேரத்தின் கோடு 82.5 பாகையில் இருக்கு, நாம் 80.3 பாகையில் இருக்கோம். அதனால் இன்றைக்கும் காத்திவாக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிஷத்துக்கு. உங்கள் கையில் இருக்கும் மணி சூரியனுடையது இல்லை, ஒரு ஒப்பந்தத்தினுடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கு.

சங்கும் சொந்த மணியும்

வடசென்னையின் பழைய ஆட்களுக்கு மணி என்றால் சங்கு. கோயில் சங்கு இல்லை, ஆலைச் சங்கு. சங்கு ஊதினால் எழுந்திருப்பது, அடுத்த சங்குக்குள் கேட்டுக்குள் இருப்பது, கடைசிச் சங்குக்கு வெளியே வருவது. மிண்ட் மணிக்கூண்டு மாதிரி ஊருக்குப் பொதுவான கடிகாரங்களும் உண்டு. வீட்டில் வானொலி வந்தபிறகு காலை 7.15 ஆகாசவாணி தமிழ்ச் செய்தி பலருக்குக் கடிகாரம் திருத்தும் நேரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சங்கும் பீரங்கியும் மணிக்கூண்டும் நேரத்தைச் சொல்லும். ஆனால் எப்போது சொல்வது என்பது அவற்றை வைத்திருப்பவர் கையில். நீங்கள் கேட்கும்போது அது பதில் சொல்லாது. சங்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஊதினால் அது முன்னால் ஊதியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டுமென்றால் உங்களிடம் சொந்தமாக ஒரு கடிகாரம் இருக்க வேண்டும்.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன், காலமும் தொழில் ஒழுங்கும் பற்றி 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 19ஆம் நூற்றாண்டு ஆலைகளில் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் வேலை வாங்கியதைப் பற்றிய சாட்சியங்களை எடுத்துக்காட்டுகிறார். அந்த ஆலைகளில் தொழிலாளி தன்னிடம் வாட்ச் வைத்திருக்கவே பயந்தார். நேரம் தெரிந்தவன் பிரச்சினைக்காரன். அதே கட்டுரையின் இன்னொரு முக்கியமான கருத்து: முதலில் நேரத்துக்கு எதிராகப் போராடிய தொழிலாளிகள், அடுத்த தலைமுறையில் நேரத்தை வைத்தே போராடக் கற்றுக்கொண்டார்கள். எட்டு மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்ற கோரிக்கைகள் எல்லாம் கடிகாரம் இல்லாமல் பேச முடியாதவை.

நம்ம பக்கமும் இதே கதைதான். 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை மையமாக வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது வேலை நேரமும் இடைவேளையும் முக்கியமான குறைகளாக இருந்தன. 1923 மே 1இல் ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மே தினம் என்பதே எட்டு மணி நேரத்துக்கான நாள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்றது. அந்த முதல் மே தினத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21இல் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, அந்த மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். மணிக்கணக்கு பழைய கதை ஆகிவிடவில்லை.

அதனால்தான் வாட்ச் இங்கே வெறும் நகையாக வரவில்லை. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்எம்டி வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. "ஜனதா" என்று ஒரு மாடலுக்குப் பெயர் வைத்ததே அது யாருக்கு என்று சொல்லிவிடும். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக பாரிமுனையில் உருவான பர்மா பஜாரில் வெளிநாட்டு வாட்ச் கிடைத்தது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் ஆலை. "டாடா", "தமிழ்நாடு" இரண்டின் ஆங்கில முதலெழுத்துகளும் அந்தப் பெயருக்குள் இருக்கு. இன்றைக்கும் டிட்கோவுக்கு அதில் கால் பங்குக்கு மேல் உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச், மோதிரம். பத்தாவது பாஸ் ஆனால் வாட்ச். 25 வருஷ சர்வீஸுக்குக் கம்பெனி தரும் வாட்ச். இதெல்லாம் ஒரு ஆள் "பெரியவன் ஆகிட்டான், இனி நேரம் அவன் கையில" என்று சொல்லும் சடங்குகள்தான். எச்எம்டி வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் கொடுத்தது.

பையிலிருந்து கைக்கு, கையிலிருந்து பைக்கு

இப்போ போனுக்கு வருவோம். "மொபைல் வந்தது, வாட்ச் போச்சு" என்பதை முன்னேற்றமாகப் பார்க்கிறோம். வடிவத்தை மட்டும் பார்த்தால் இது நூறு வருஷம் பின்னால் போவது. 19ஆம் நூற்றாண்டு ஆண்கள் சங்கிலி போட்டுப் பையில்தான் கடிகாரம் வைத்திருந்தார்கள். காந்தி இடுப்பில் தொங்கவிட்டிருந்ததும் அந்த வகைதான். கையில் கட்டுவது பெண்களின் அலங்காரம் என்று கருதப்பட்டது. அதை மாற்றியது போர். முதல் உலகப்போரில் இரண்டு கையும் வேலையில் இருக்கும் சிப்பாய் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. போர் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது கைக்கடிகாரமும் கூடவே வந்தது.

அப்போ கைக்கடிகாரம் தீர்த்த பிரச்சினை "மணி என்ன" என்பது இல்லை. அதைப் பைக்கடிகாரமே சொன்னது. கை வேறு வேலையில் இருக்கும்போது மணி என்ன என்பதுதான் அது தீர்த்த பிரச்சினை. போன் அந்தப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, திரும்பக் கொண்டுவந்திருக்கு. அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை, கம்ப்யூட்டர் மூலையிலேயே மணி இருக்கு. ஸ்பேனரும் வலையும் ஸ்டீயரிங்கும் பிடித்திருப்பவருக்கு அது இன்னும் அப்படியே இருக்கு.

போன் போகாத இடங்கள்

இந்தப் பட்டையில் அப்படி எத்தனை இடம் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் ஆலைக் கேட். எண்ணெய், எரிவாயு, அம்மோனியா, ரசாயனம் கையாளும் பல இடங்களில் சாதாரண செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எரியும் வாயு கசிய வாய்ப்புள்ள பகுதிக்குள் போகும் எந்த மின்கருவியும் அந்த இடத்துக்கென்று சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நம்ம நாட்டில் அதற்கு பெசோ என்ற பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி உண்டு. நம்ம போன் அப்படிச் சோதிக்கப்பட்டது இல்லை. போன் பேசினாலே தீப்பிடித்துவிடும் என்று அர்த்தமில்லை. பெரிய லித்தியம் பேட்டரி கீழே விழுந்து சேதமானால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே யாரும் உத்தரவாதம் தர முடியாது, அவ்வளவுதான். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்சில் இருப்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்ன பேட்டரி. அதில் உள்ள ஆற்றல் ரொம்பக் குறைவு. அதனால் பல இடங்களின் விதிகளில் சாதாரண வாட்ச்சுக்கு விலக்கு இருக்கும், ஸ்மார்ட்வாட்ச்சுக்கு இருக்காது. சாவி கொடுக்கும் வாட்ச்சில் பேட்டரியே கிடையாது. எதுவானாலும் உங்கள் ஆலையின் பாதுகாப்பு விதிதான் கடைசிச் சொல். பாதுகாப்புக் காரணத்துக்காகக் கேமரா கூடாது என்று போனைத் தடுக்கும் இடங்கள் இன்னொரு வகை.

இரண்டாவது, கடல். உப்புத்தண்ணீரும் ஈரக்கையும் தொடுதிரைக்கு ஆகாது. போனை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைப்பதுதான் வழக்கம். சுருட்டி வைத்த போன் அவசரத்துக்குப் பேச உதவும், அடிக்கடி மணி பார்க்க உதவாது.

மூன்றாவது, எண்ணூர் விரைவுச்சாலை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பைக் ஓட்டிக்கொண்டே ஷிஃப்ட்டுக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று போனை எடுத்துப் பார்ப்பது உயிரோடு விளையாட்டு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கையில் பிடித்த போனைப் பயன்படுத்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கு. கைப்பிடியில் இருக்கும் கையில் வாட்ச் இருந்தால் கண்ணை ஒரு நொடி தாழ்த்தினால் போதும்.

நான்காவது, தேர்வு மண்டபம். யுபிஎஸ்சி தேர்வுகளில் போனுக்கும் ஸ்மார்ட்வாட்ச்சுக்கும் தடை, சாதாரண வாட்ச்சுக்கு அனுமதி உண்டு. நீட் தேர்வில் எந்த வாட்ச்சும் கூடாது. அதனால் எந்தத் தேர்வு என்று ஹால் டிக்கெட்டில் படித்துவிட்டுப் போங்கள். ஆனால் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது போனில் மணி பார்த்துப் பழகிய பிள்ளைக்கு மண்டபத்தில் நேரப் பங்கீடு தடுமாறும். இது வாட்ச்சின் சின்ன உபயோகமாகத் தோன்றலாம். டிஎன்பிஎஸ்சிக்கும் ரயில்வேக்கும் வருஷக்கணக்கில் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த தெருக்களில் அது சின்னது இல்லை.

ஐந்தாவது, நோயாளியின் பக்கம். நாடி பார்க்க விநாடி முள் வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவார்கள். சீரற்ற துடிப்பு என்றால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும். கைக்குழந்தைக்கு நிமோனியா சந்தேகம் என்றால் மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. போன் டைமரிலும் இதைச் செய்யலாம். ஆனால் ஒரு கண் குழந்தையின் நெஞ்சிலும் ஒரு கண் விநாடி முள்ளிலும் இருக்கும்போது, நடுவில் ஒரு அழைப்பு வந்து திரையை மறைக்காமல் இருப்பது பெரிய உதவி. நிலக்கரிச் சாம்பலும் புகையும் பழகிப்போன இந்த ஊரில் குழந்தைகளின் மூச்சை எண்ணத் தெரிந்திருப்பது நல்லது.

கடைசியாக, கரண்ட் இல்லாத நாட்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இங்கே யாரும் மறக்கவில்லை. கரண்ட் போய், டவர் போய், போன் பேட்டரியை ஒவ்வொரு விழுக்காடாகச் சேமித்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் மணி பார்ப்பதற்காகத் திரையை எழுப்புவது வீண் செலவு.

வாட்ச் போகக்கூடாத இடங்கள்

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் இது வாட்ச் விளம்பரம் ஆகிவிடும். லேத், டிரில்லிங், பெல்ட், உருளை என்று சுழலும் இயந்திரத்தின் பக்கம் வாட்ச்சும் மோதிரமும் கூடவே கூடாது. ஸ்ட்ராப் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். மின்சார வேலையில் இரும்புச் செயின் வாட்ச் மின்சாரம் பாயும் பாதை. பேட்டரி டெர்மினல்களுக்கு நடுவே அது பட்டால் ஷாக்கைவிடத் தீக்காயம்தான் பயங்கரம். ஆஸ்பத்திரியிலும் கேள்வி உண்டு. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை 2007இல் தொற்றைத் தடுக்க முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. அங்கே நர்சுகள் மார்பில் குத்தித் தொங்கவிடும் கடிகாரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, கேட்டுக்குள் போகும்வரை கையில், மெஷினில் ஏறும்போது லாக்கரில் என்பதுதான் நிறைய பேருக்குச் சரியான நடைமுறை.

துல்லியத்தில் யார் பெரியவர்

இதில் சந்தேகமே இல்லை, போன்தான். சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சுகள் பல, மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்குச் சில விநாடி முதல் அரை நிமிஷம் வரைகூட முன்பின் ஆகலாம். குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் ஒரு சின்னப் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக 1 வரும், அதனால்தான் அந்த எண். இதன் தவறு பொதுவாக மாதத்துக்கு 15 விநாடிக்குள். முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ விற்பனைக்குக் கொண்டுவந்தது. போனுக்குள் இருப்பதும் ஒரு படிகம்தான், ஆனால் அது நெட்வொர்க்கிலிருந்து தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சங்கிலியின் மறுமுனையில் அணுக்கடிகாரம் இருக்கு. இந்திய நேரத்தைக் காப்பது டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

அதாவது போன் என்பது கோட்டைப் பீரங்கியின் வாரிசு. மையத்திலிருந்து வரும் நேரம், ஆனால் பீரங்கிபோல் இல்லாமல் நாம் கேட்கும்போதெல்லாம் சொல்கிறது. வாட்ச் அந்த நேரத்தின் ஒரு நகல், நம் கைவசம் இருப்பது. நகலை மாதம் ஒருமுறை அசலோடு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும். ரயிலுக்கும் ஷிஃப்ட்டுக்கும் 15 விநாடித் தவறு ஒரு பொருட்டே இல்லை.

போன் ஜெயிக்கும் இடம்: சாட்சி

மேலே சங்கையும் சொந்த மணியையும் பற்றிச் சொன்னேன். இப்போ அந்தச் சங்கு ஊதுவதில்லை, பஞ்சிங் மெஷின் வந்துவிட்டது. விரல் வைத்தால் நேரம் பதிவாகும். பதிவு யார் கையில்? மறுபடியும் மெஷின் வைத்திருப்பவர் கையில். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பதிவின் நகல் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஷிஃப்ட் முடிந்தும் தினம் 10 நிமிஷம் கணக்கில் வராமல் நிற்க வைக்கிறார்கள் என்று வையுங்கள். மாதம் 26 நாளைக்கு 260 நிமிஷம். வருஷத்துக்கு 3,120 நிமிஷம், அதாவது 52 மணி நேரம். சட்டம் சொல்லும் 48 மணி வாரத்தைவிட அதிகம். வருஷத்துக்கு ஒரு முழு வாரம் சும்மா வேலை செய்த கணக்கு. இதற்கு நேர்மாறாக, காலையில் 5 நிமிஷம் லேட் என்றால் அரை நாள் சம்பளம் "கட்". வராத நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில்தான் பிடித்தம் இருக்கலாம் என்பது 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் விதியாக இருந்தது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு அரை நாள் என்பது விகிதம் இல்லை.

இந்த இடத்தில் வாட்ச்சால் பாதி வேலைதான் செய்ய முடியும். உள்ளே நிற்கும்போது "மணி 2.10 ஆச்சு" என்று உங்களுக்குச் சொல்லும். ஆனால் அது எதையும் நினைவில் வைக்காது. கேட்டுக்கு வெளியே வந்ததும் போனில் எடுத்த ஒரு படம், வீட்டுக்கு அனுப்பிய ஒரு மெசேஜ், எல்லாவற்றிலும் நேரம் பதிவாகும். ஆறு மாதம் கழித்துச் சங்கத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ பேசும்போது "என் வாட்ச்ல பார்த்தேன்" என்பதைவிடத் தேதியும் மணியும் உள்ள வரிசையான பதிவு பலமானது. போன் இல்லாத காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது, இப்போதும் இருக்கு: ஒரு சின்ன நோட்டு, தினம் உள்ளே போன மணி, வெளியே வந்த மணி. அந்த இரண்டு மணியையும் உள்ளே இருந்தபடியே சரியாகத் தெரிந்துகொள்ளத்தான் வாட்ச். பார்ப்பதற்கு வாட்ச், நிரூபிப்பதற்கு நோட்டும் போனும். இந்தப் பிரிவினை புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கவனம் என்ற செலவு

போனில் மணி பார்ப்பதற்கு இன்னொரு விலை உண்டு. மணி தெரிய ஒரு நொடி போதும். ஆனால் அந்தத் திரையில் மணி மட்டும் இருப்பதில்லை. மூன்று மெசேஜ், ஒரு கிரிக்கெட் ஸ்கோர், கடன் தருகிறோம் என்று ஒரு விளம்பரம். மணி பார்க்க எடுத்து, பத்து நிமிஷம் கழித்து மணி பார்க்காமலேயே வைத்தவர்கள் நம்மில் நிறைய பேர். வாட்ச்சிடம் கேட்டால் அது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். இந்தக் காரணத்தினால்தான் ஸ்மார்ட்வாட்ச்சை நான் இந்த விவாதத்தில் வாட்ச் பக்கம் சேர்க்கவில்லை. அது கையில் கட்டிய போன். சார்ஜ் வேண்டும், போன் போகாத இடத்துக்கு அதுவும் போகாது, மெசேஜும் வரும். நடைக்கணக்கு, அலாரம் என்று அதற்கு உபயோகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மலிவு மாடல் காட்டும் ஆக்ஸிஜன் அளவையோ ரத்த அழுத்தத்தையோ வைத்து மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

அப்போ வாங்கலாமா?

மேசை வேலை, எப்போதும் திரை முன்னால், போனைப் பார்ப்பதில் சிக்கல் இல்லை என்றால் வாட்ச் உங்களுக்கு நகைதான். பிடித்தால் கட்டுங்கள், இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. ஷிஃப்ட், கடல், வண்டி, வார்டு, தேர்வு இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வாழ்க்கையில் இருந்தால் அது கருவி.

கருவியாக வாங்குகிறவர்களுக்கு மூன்று குறிப்பு. ஒன்று, விலை முக்கியமில்லை. மலிவான குவார்ட்ஸும் விலை உயர்ந்த சாவி வாட்ச்சைவிடத் துல்லியமாகவே ஓடும். 1989இல் வந்து இன்னும் விற்கும் கேசியோவின் ஒரு சின்ன டிஜிட்டல் மாடல் ஒரே பேட்டரியில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஓடும். இரண்டு, பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் 30 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று அர்த்தம் இல்லை. அது அசையாத தண்ணீரின் அழுத்தத்துக்குச் சோதித்த கணக்கு. முகம் கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். தண்ணீரில் வேலை என்றால் 100 மீட்டராவது பாருங்கள். உப்புத்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தோல் ஸ்ட்ராப் நம்ம வியர்வைக்குத் தாங்காது, ரப்பரோ நைலானோ நல்லது. மூன்று, விநாடி முள்ளும் இருட்டில் தெரியும் முள்ளும் உள்ளதாக வாங்குங்கள். நாம் இன்னும் "ரேடியம்" என்றுதான் சொல்கிறோம், ஆனால் இப்போது வருவதில் ரேடியம் கிடையாது, வெளிச்சத்தை வாங்கி வைத்து வெளிவிடும் பூச்சுதான். நைட் ஷிஃப்ட்டுக்கு அது போதும்.

வீட்டு அலமாரியில் அப்பாவோ தாத்தாவோ கட்டிய பழைய எச்எம்டி ஓடாமல் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும், சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் ஓடும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் பாரிமுனைப் பக்கமும் வண்ணாரப்பேட்டைப் பக்கமும் சின்னச் சின்னக் கடைகளில் இன்னும் இருக்கு, ஆனால் அதிக நாள் இருக்காது. இப்போதே கொண்டுபோங்கள். ஓட ஆரம்பித்ததும் போனைப் பார்த்து மணியைத் திருத்திவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.